அரிசியும் அட்டையும்

1944ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். பங்கீட்டு அட்டையின்படி ஆணுக்கு மாதம் 4.8 கிலோ அரிசி, பெண்ணுக்கு 3.6 கிலோ, பிள்ளைக்கு 2.4 கிலோ. ஐவருக்கும் சேர்த்து 15.6 கிலோ. முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அதற்குள் ஐந்து பேரும் மூன்று வேளை சாப்பிட வேண்டும். ஒரு பிள்ளையின் பங்கு நாளொன்றுக்கு 80 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு கைப்பிடி அரிசி.

இந்தக் கணக்கை அக்காலத் தாய்மார்கள் தாளில் போட்டுப் பார்க்கவில்லை. அடுப்படியில் நாள்தோறும் பார்த்தார்கள். சோறு கஞ்சியானது. கஞ்சியில் அரிசி குறைந்து மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் கூடின. சில வீடுகளில் பிள்ளைகளுக்கு மட்டும் சோறு, பெரியவர்களுக்குக் கிழங்கு என்று ஆனது. எந்த அரசாங்கத்தின் அட்டையிலும் எழுதப்படாத பங்கீடு அது.

பண்டம் போதிய அளவு கிடைக்கும் காலத்தில் அதை யாருக்கு எவ்வளவு என்று யாரும் முடிவு செய்வதில்லை. விலையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பற்றாக்குறை வந்தால் விலை ஏறும். பணம் உள்ளவர் வாங்குவார், இல்லாதவர் விட்டுவிடுவார். பட்டுத் துணியாக இருந்தால் அதனால் கேடு இல்லை. அரிசியாக இருந்தால் விட்டுவிடுபவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே அரசாங்கம் இடையில் புகுந்து, ‘என்ன விலை’ என்பதோடு ‘ஒருவருக்கு எவ்வளவு’ என்பதையும் தானே வகுக்கிறது. இதுவே உணவுப் பங்கீடு. பேச்சு வழக்கில் ‘ரேஷன்’ என்போம்.

சொல்வதற்கு எளிது. நடத்துவதற்குக் கிடங்கில் அரிசி இருக்க வேண்டும். நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற சரியான பதிவேடு இருக்க வேண்டும். கள்ளமின்றி அளந்து கொடுக்கும் கடைகள் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று கெட்டாலும் பங்கீடு கெட்டுவிடும். மலாயாவின் வரலாற்றில் இவை மூன்றும் வெவ்வேறு காலங்களில் கெட்டிருக்கின்றன.

கப்பலை நம்பிய சோறு

பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயா, சிங்கப்பூரையும் சேர்த்து, உலகுக்கு ரப்பரையும் ஈயத்தையும் அள்ளிக் கொடுத்தது. தான் உண்ணும் அரிசியில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளின் ஆற்றுச் சமவெளிகளில் விளைந்த நெல் அரிசியாகிக் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்து இறங்கியது. கெடா, பெர்லிஸ், கிளந்தான் வயல்களும், 1906இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறிய பேராக்கின் கிரியான் வட்டாரமும் உள்நாட்டு நெல்லைத் தந்தன. அது போதவில்லை.

இது அறியாமையால் நேர்ந்த நிலை அன்று. ஒரு நிலத்தில் நெல் நடுவதைவிட ரப்பர் நட்டு, அதை விற்ற காசில் அரிசி வாங்குவதே இலாபம் என்று ஆட்சியாளரும் முதலாளிகளும் கணக்கிட்டார்கள். கப்பல்கள் வந்துகொண்டிருக்கும்வரை கணக்குச் சரியாகவே இருந்தது. தோட்டத்தில் பால்மரம் சீவிய தமிழரும், ஈயச் சுரங்கத்தில் உழைத்த சீனரும் நெல் விளைவிக்க அழைத்துவரப்பட்டவர்கள் அல்லர். ஊரில் உழவராக இருந்த பலர் இங்கே வந்ததும் கடை அரிசியை நம்பி வாழ்பவர்களாயினர். அந்த மாற்றம் எவ்வளவு ஆபத்தானது என்பது உடனே தெரியவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஓர் எச்சரிக்கை வந்தது. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. அப்போது பர்மாவும் இந்தியாவின் ஒரு மாநிலமாகவே ஆளப்பட்டதால், பர்மா அரிசி முதலில் இந்தியாவுக்கே என்று ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு சயாமிலும் விளைச்சல் கெட்டது. மலாயாவில் அரிசி விலை மளமளவென ஏறியது. அரசாங்கம் அரிசி வணிகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அதிக விலைக்கு வாங்கியதைக் குறைந்த விலைக்கு விற்றது. 1921 வாக்கில் நெருக்கடி நீங்கியது. 1930இல் நெல் பயிரிடுவதை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சிலாங்கூரின் தஞ்சோங் காராங்கில் சதுப்பு நிலம் திருத்தப்பட்டு வயலானது. ஆனாலும் அடுத்த போர் வந்தபோது நாடு இறக்குமதி அரிசியைத்தான் பெரிதும் நம்பியிருந்தது.

ஜப்பானியர் காலம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ‘சியோனான்’ என்று பெயர் மாறியது. மார்ச் மாதத்தில் பர்மாவின் ரங்கூனும் விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழலாம். பர்மாவும் சயாமும் இந்தோசீனாவும் மலாயாவும் இப்போது ஜப்பானின் பிடியில் ஒரே பக்கத்தில்தானே இருந்தன? பிறகு ஏன் அரிசி வரவில்லை? விடை கடலில் இருந்தது. கப்பல்களைப் படையினர் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டனர். எஞ்சியவற்றை நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்தன. அரிசி விளைந்த இடத்தில் வாங்க ஆளில்லை. வாங்க ஆளிருந்த இடத்தில் அரிசி இல்லை. பஞ்சம் என்றால் எங்குமே உணவு இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது என்பதற்கு இது தெளிவான சான்று.

பர்மா அரிசி நின்றதால் தவித்தது மலாயா மட்டும் அன்று. 1943இல் வங்காளத்தில் பல இலட்சம் மக்களைக் கொன்ற பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். இலங்கையில் 1942இலேயே அரிசிப் பங்கீடு தொடங்கிவிட்டது. மலாயாத் தமிழரின் உறவினர்களும் கடலுக்கு அப்பால் இதே அரிசியைத் தேடிக்கொண்டிருந்தனர். கடிதப் போக்குவரத்து அறுந்துபோனதால் ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியவில்லை.

புதிய ஆட்சியாளர் வீடு வீடாக ஆள்களைப் பதிவு செய்து பங்கீட்டு அட்டை வழங்கினர். அரிசி, உப்பு, சீனி போன்றவை ‘குமியாய்’ எனப்பட்ட வணிகச் சங்கங்களின் வழியாகக் கடைகளுக்கு வந்தன. தொடக்கத்தில் கிடைத்த அளவு ஓரளவு தாங்கக்கூடியதாக இருந்தது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. 1943இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு வட மாநிலங்களையும் ஜப்பான் சயாமுக்குக் கொடுத்துவிட்டது. மலாயாவின் நெற்களஞ்சியமே எல்லைக்கு அப்பால் போய்விட்டது. முதலில் பார்த்த 4.8, 3.6, 2.4 என்ற அளவுகள் இதற்குப் பின் வந்தவை. அக்கால நிறுவையில் சொன்னால் எட்டு, ஆறு, நான்கு காட்டி. அட்டையில் எழுதியிருந்த அளவாவது கிடைத்ததா என்றால், எல்லா மாதமும் இல்லை.

அட்டை இருந்தவருக்கெல்லாம் ஒரே அளவும் கிடைக்கவில்லை. ஜப்பானிய அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் வேலை பார்த்தவர்களுக்குக் கூடுதல் அரிசி உண்டு. அதனால் சம்பளத்துக்காக அல்லாமல் அரிசிக்காகவே வேலை தேடியவர்கள் பலர். சம்பளமாகக் கிடைத்த பணத்துக்குத்தான் மதிப்பே இல்லையே! ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்ததால் மக்கள் அதை ‘வாழைமரக் காசு’ என்றனர். தேவைப்பட்டபோதெல்லாம் மேலும் மேலும் அச்சடித்தார்கள். பிற்காலத் தாள்களில் வரிசை எண்கூட இல்லை. 1941 டிசம்பரில் 60 கிலோ அரிசி சுமார் 5 வெள்ளி. 1945 ஜூனில் அதே அரிசி கள்ளச்சந்தையில் சுமார் 5,000 வெள்ளி. நகைகளும் தையல் இயந்திரங்களும் நல்ல துணிமணிகளும் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. அவற்றுக்கு ஈடாக அரிசி மூட்டை வரவில்லை, அரிசிப் பொட்டலம் வந்தது.

வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்குதான். குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். மண் எப்படி இருந்தாலும் சில மாதங்களில் கிழங்கு விடும். ‘அதிகம் பயிரிடுங்கள்’ என்று ஆட்சியாளர் பிரசாரம் செய்தனர். வீட்டு முற்றங்களும் பள்ளித் திடல்களும் கொல்லைகளாயின. கிழங்கை அவித்தார்கள், காயவைத்து மாவாக்கி ரொட்டி சுட்டார்கள், மீ செய்தார்கள். தோட்டப்புறத் தமிழர் சிலர் கேழ்வரகு விதைத்தனர். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் சுத்திகரிக்கப்படாத சிவப்புச் செம்பனை எண்ணெய் சமையலுக்கு வந்தது. அதன் வாடையைப் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த நிறத்தைத் தரும் சத்துத்தான் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது.

மரவள்ளிக்கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, புரதமோ மிகக் குறைவு. சரியாக வேகவைக்காவிட்டால் நஞ்சும் உண்டு. வயிறு நிறைந்தும் உடல் மெலிந்தது. வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியது. கால்கள் வீங்கும், நடை தளரும், முற்றினால் இதயம் நின்றுவிடும்.

பெரிபெரியின் புதிர் அவிழ்ந்ததில் கோலாலம்பூருக்கு ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் சீனத் தொழிலாளரை இந்நோய் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தமிழ்த் தொழிலாளரிடையே மிகக் குறைவாகவே காணப்பட்டது. இருவரும் அரிசிதான் உண்டனர். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. சீனர் உண்டது தவிடு நீக்கித் தீட்டிய பச்சரிசி. 1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சாராருக்குத் தீட்டிய அரிசியும், மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் முதல் சாராரையே தாக்கியது. நோயாளிகளின் ஒப்புதல் பெறாத அத்தகைய ஆய்வை இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்காது. பின்னர் ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டான்டன் ஆகியோர் நடத்திய ஆய்வுகள் இதை உறுதி செய்தன. நெல்லை அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டியுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அறிவியல் பெயர் தெரியாமலே நம் முன்னோர் அந்தப் பழக்கத்தைக் காத்து வந்தனர். ஜப்பானியர் காலத்திலோ புழுங்கலா பச்சையா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் யாரும் இல்லை.

நகரத்துக்கு அரிசி கொண்டுவர முடியாவிட்டால், நகரத்து மக்களைக் காட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஆட்சியாளர் நினைத்தனர். 1943 முதல் சிங்கப்பூர்ச் சீனர்கள் ஜொகூரின் எண்டாவுக்கும், யுரேசியர்களும் கத்தோலிக்கச் சீனர்களும் நெகிரி செம்பிலானின் பகாவுக்கும் சென்று குடியேறினர். எண்டாவ் ஓரளவு தேறியது. பகாவில் மண்ணும் வளமாக இல்லை, நீரும் போதவில்லை. மலேரியா மட்டும் தாராளமாக இருந்தது. மண்வெட்டி பிடித்தறியாத ஆசிரியர்களும் எழுத்தர்களும் அங்கே மரம் வெட்டிக் கொல்லை போட வேண்டியிருந்தது. குடியேற்றத்தை வழிநடத்திய ஆயர் ஏட்ரியன் தெவால் 1945 ஜனவரியில் இறந்தார்.

தோட்டத்துத் தமிழரின் நிலை வேறு வகையில் கொடுமையானது. ரப்பரை வாங்க ஐரோப்பாவும் அமெரிக்காவும் இல்லை. தோட்டங்கள் முடங்கின. வேலை இல்லை, சம்பளம் இல்லை, கடை இல்லை. அந்த நேரத்தில்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் தேடி வந்தார்கள். நல்ல கூலியும் உணவும் உண்டு என்றார்கள். பசியில் வாடியவர்கள் நம்பிப் போனார்கள். நம்பாதவர்களைப் பிறகு லாரிகளில் பிடித்தேற்றிச் சென்றார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழர் போயினர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. சயாம் மரண ரயிலைப் பற்றிப் பேசும்போது வன்முறையை மட்டும் பேசிப் பசியை மறந்துவிடுகிறோம். லயத்தில் அரிசி இருந்திருந்தால் அந்தப் பொய்யை இத்தனை பேர் நம்பியிருக்க மாட்டார்கள்.

போர் முடிந்தும் வரிசை முடியவில்லை

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். வாழைமரக் காசு ஒரே நாளில் வெற்றுத்தாளானது. மக்கள் எதிர்பார்த்த பழைய வாழ்க்கை மட்டும் வரவில்லை. ஆசியாவின் வயல்கள் போரில் சிதைந்திருந்தன, உழவு மாடுகள் குறைந்திருந்தன, கப்பல்கள் போதவில்லை. அனைத்துலக அளவிலேயே எந்த நாட்டுக்கு எவ்வளவு அரிசி என்று பங்கிட ஒரு மன்றம் இயங்கியது. தென்கிழக்காசியாவின் உணவு நிலைமையைக் கவனிக்க லார்டு கில்லர்ன் என்ற சிறப்பு ஆணையர் 1946இல் சிங்கப்பூரில் வந்து அமர்ந்தார். அரிசிக்குப் பதில் கோதுமை மாவு தரப்பட்டது.

1946 ஜனவரியில் பிரிட்டன் சயாமுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. போரில் ஜப்பானின் பக்கம் நின்றதற்கு ஈடாக, சயாம் 15 இலட்சம் டன் அரிசியை விலையின்றித் தர வேண்டும் என்பது அதன் விதி. தாளில் பார்த்தால் மலாயாவின் பசி தீர்ந்திருக்க வேண்டும். விலை கொடுக்காதவனுக்கு எந்த உழவன் நெல்லை அனுப்புவான்? அரிசி பதுங்கியது, எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது. பிறகு விலை கொடுத்து வாங்குவதாக விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

1946 மார்ச் முடிய மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்டது பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து, ‘கள்ளச்சந்தை நிர்வாகம்’ என்று பொருள்படும்படி மக்கள் கேலி செய்தனர். பதிவேட்டில் அரிசி இருந்தது. கடைக்கு வரும் வழியில் காணாமற்போனது. பங்கீட்டின் மூன்று தூண்களுள் ‘நம்பகமான கடை’ என்பது இடிந்த காலம் இது.

அட்டை அரிசியை நம்பி மட்டும் பயனில்லை என்று கண்ட சிங்கப்பூரின் சமூகநலத்துறை, 1946இன் நடுவில் மக்கள் உணவகங்களைத் திறந்தது. 35 காசுக்கு ஒரு மதிய உணவு. அதுவும் எட்டாதவர்களுக்கு அவ்வாண்டின் இறுதியில் 8 காசு உணவு வந்தது. 1947இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு நிலையங்கள் தொடங்கின. பொருளைக் கொடுப்பதை விட்டுச் சமைத்த சோற்றைக் கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு. அரிசியைப் பதுக்கலாம், விற்கலாம். சோற்றை உண்ணத்தான் முடியும். இந்நிலையங்களில் உழைத்த தொண்டூழியர்களுள் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ. பசியோடு வந்த பிள்ளைகளின் கூட்டம் அவரை வேறொரு சிந்தனைக்கு இட்டுச் சென்றது. 1949இல் சிங்கப்பூரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறக்க அவர் முன்னின்றார். உணவு நிலையங்களே பின்னர்ப் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் நிலையங்களாக வளர்ந்தன.

அரிசி ஆயுதமானபோது

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் போராளிகள் காட்டில் இருந்தனர். அவர்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் காட்டோரத்தில் வாழ்ந்த மக்களிடமிருந்து போயின. சிலர் விரும்பிக் கொடுத்தனர். சிலர் துப்பாக்கிக்கு அஞ்சிக் கொடுத்தனர். காட்டில் ஒளிந்திருப்பவரைத் தேடுவதைவிட அவருக்குப் போகும் சோற்றை நிறுத்துவது எளிது என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்தது.

அதே ஆண்டு பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. இன்று நம் கையில் உள்ள அடையாள அட்டையின் தொடக்கம் அதுதான். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், நானூற்றுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். கிராமத்தைச் சுற்றி முள்வேலி, வாயிலில் காவல். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன.

1951இல் உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை அரிசிதான். அதற்கு மேல் வீட்டில் இருந்தால் குற்றம். டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே கடைக்காரர் டின்னில் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளையிட்ட டின் நாளைக்குக் கெட்டுவிடும். காட்டில் சேமிக்க முடியாது. சில வட்டாரங்களில் வீட்டில் அரிசியே வைக்கக்கூடாது. பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் மரம் சீவப் போனவர்களை வாயிலில் சோதனை செய்தனர். சில இடங்களில் மதியத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போகவும் அனுமதி இல்லை. இருட்டில் கிளம்பி உச்சிவெயில்வரை உழைப்பவருக்கு அதன் பொருள் என்னவென்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1952 மார்ச் இறுதியில் பேராக்கின் தஞ்சோங் மாலிமில் நடந்தது, இந்தக் கொள்கையின் உச்சம். அவ்வூருக்கு அருகே, குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவைப் போராளிகள் பதுங்கியிருந்து தாக்கினர். பன்னிரண்டு பேர் மாண்டனர். புதிய ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் ஊருக்கே வந்தார். தகவல் தராத ஊருக்குத் தண்டனை என்றார். நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு. கடைகள் இரண்டு மணி நேரம் மட்டுமே. அரிசிப் பங்கும் வெட்டப்பட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் இந்த நிலை நீடித்தது. வீடு வீடாக வினாத்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் தெரிந்ததை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். பெட்டிகளை ஊரின் சார்பாளர்கள் முன்னிலையில் டெம்ப்ளரே திறந்தார். சிலர் கைதாயினர்.

இது பலித்ததா என்று கேட்டால், இராணுவ வரலாற்றாசிரியர் பலர் ‘ஆம்’ என்பர். காட்டிலிருந்த போராளிகளைத் துப்பாக்கியைவிடப் பசியே அதிகம் தளர்த்தியது. ஆனால் குற்றம் செய்தவர் யாரென்று தெரியாத நிலையில், குழந்தைகள் உட்பட ஓர் ஊரின் சோற்றையே குறைப்பது நியாயமா என்ற கேள்வி அப்போதே பிரிட்டனிலும் எழுந்தது. அந்தக் கேள்விக்கு வெற்றி ஒரு பதிலாகாது. எல்லாருக்கும் சோறு கிடைக்க வேண்டும் என்று பிறந்த அட்டை, யாருக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்று முடிவு செய்யவும் பயன்பட்டது. பதிவேடு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் அகப்பையும் இருக்கிறது.

1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதன்முதலாக ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. அங்கே உணவுக் கட்டுப்பாடும் ஊரடங்கும் நீங்கின. மற்ற வட்டாரங்களும் ஒவ்வொன்றாக விடுபட்டன. அவசரகாலம் முழுமையாக முடிந்தது 1960இல்.

இன்றைய அட்டை

விடுதலைக்குப் பின் மலேசியா வேறு வழியில் நடந்தது. கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் ஆண்டுக்கு ஒரு போகம் இரு போகமானது. 1971இல் நெல், அரிசி வாரியம் அமைந்தது. பின்னாளில் அதன் பணிகள் பெர்னாஸ் நிறுவனத்திடம் சென்றன. அரிசி இறக்குமதி உரிமையும் அதனிடமே இருக்கிறது. ஒருவருக்கு இவ்வளவு என்று அளப்பதை விட்டு, விலைக்கு உச்சவரம்பு விதிப்பதே வழக்கமானது. 1961ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

2023இல் அந்தப் பழைய காட்சி சற்றே எட்டிப் பார்த்தது. ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் நாள் மலேசியாவில் இறக்குமதி அரிசியின் விலை டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. 10 கிலோ 26 ரிங்கிட் என்று விலை கட்டப்பட்ட உள்ளூர் அரிசி, பேரங்காடித் தட்டுகளிலிருந்து மறைந்தது. ஒருவர் பத்துப் பைகளுக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு வந்தது. ஒரு குடும்பம் நூறு கிலோ வாங்கலாம் என்பதை 1944இன் கண்ணோடு பார்த்தால் அது பங்கீடே அன்று. ஆனால் இரண்டு விலைகள் இருக்கும் இடத்தில் மலிவான பண்டம் ஒளிந்துகொள்ளும் என்ற பழைய விதி மட்டும் மாறவில்லை.

சிங்கப்பூர் நெல் விளைவிக்கும் நாடு அன்று. அங்கே வெள்ளை அரிசியை இறக்குமதி செய்பவர், தம் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கை அரசாங்கம் குறித்த கிடங்கில் இருப்பு வைக்க வேண்டும். அரிசி வணிகருடையது, நெருக்கடி வந்தால் உரிய ஈடு கொடுத்து அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ளலாம். பழைய அரிசி விற்பனைக்குப் போகும், புது அரிசி உள்ளே வரும். கிடங்கு காலியாக இருந்தால் என்னாகும் என்பதை அந்தத் தீவு ஒருமுறை பார்த்துவிட்டது.

2025 ஆகஸ்டு 31ஆம் நாள் முதல், பதினெட்டு வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும் 100 ரிங்கிட் உதவி அடையாள அட்டையிலேயே சேர்க்கப்பட்டது. அரிசி, எண்ணெய், முட்டை முதலிய அடிப்படைப் பொருள்களை வாங்கிவிட்டு, கடையில் அட்டையை இயந்திரத்தில் செருகினால் போதும், தொகை கழிந்துவிடும். 1948இல் வாயிற்காவலர் வாங்கிப் பார்த்த அதே அட்டையின் வழிவந்த அட்டைதான் இது.

அந்தக் காலத்தைப் பிள்ளைகளாகக் கடந்த தாத்தா பாட்டிகள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். மாலைத் தேநீருக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி வைத்தால் சிலர் ஆசையாக எடுத்துக்கொள்வார்கள். சிலர் தட்டை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.